பன்னிரண்டு கேள்விக்கும் ஐந்து

பணியாளர் சர்வேயில் எங்கள் சலவைப் பிரிவு பன்னிரண்டு கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறது என்று திரையில் காட்டியதும் கூட்ட அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சமையல்கூடத்து சூப்பர்வைசர், "கலக்கிட்டீங்க போங்க" என்றார். அவருடைய பிரிவுக்கு ஏழாவது கேள்வியில் இரண்டு புள்ளி மூன்றுதான். அதற்காக வருத்தப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் அவர் துள்ளிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன். முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம், சமையல்கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட நீளக் கூடம்தான் சலவைப் பிரிவு. சூப்பர்வைசரான என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு பேர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி, ஆபரேஷன் துணி எல்லாம் தள்ளுவண்டியில் அழுக்காக வந்து அதே வண்டியில் வெள்ளையாகத் திரும்பிப் போகும். துவைப்பதும் பிழிவதும் மெஷின் வேலை. அதற்கப்புறம்தான் ரோலர். ரோலர் என்பது ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, சூடாகச் சுழன்றுகொண்டே இருக்கும். பாதி ஈரமான விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்து நீட்டினால் உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் தள்ளும். இழுக்கும்போது விரலும் கூடவே போய்விடக் கூடாது என்று முன்னால் ஒரு தடுப்புப் பட்டை இருக்கிறது. பட்டையில் கை பட்டால் உருளை அந்த நொடியே நிற்க வேண்டும். எங்கள் பட்டையை நான்கு தடவை தொட்டால் மூன்று தடவைதான் உருளை நிற்கும்.

நிற்காத அந்த ஒரு தடவை என் நாத்தனாரின் கை உள்ளே போனது. எட்டு மாதம் ஆகிறது. வலது கையில் இரண்டு விரல், இரண்டாவது கணு வரைக்கும் வெந்துவிட்டது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கட்டினவன் சரியில்லை என்று எங்களோடு வந்து ஒன்பது வருடம் ஆயிற்று. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். கட்டுப் பிரித்த மறுவாரமே திரும்பி வந்து அதே ரோலர் முன்னால் நின்றாள். அந்த இரண்டு விரலும் முழுசாக மடங்காது. மூன்று விரலால் விரிப்பைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

பட்டையைப் பழுது பார்த்தார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக நின்றது, பிறகு பழைய குருடி கதைதான். நான் ஒரு ஏற்பாடு செய்தேன். இரண்டு பேர் விரிப்பைக் கொடுக்கும்போது மூன்றாவதாக ஒருத்தர் சிவப்பு சுவிட்சில் கையை வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். கண் சிமிட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். புது ரோலர் கேட்டு ஏழு கடிதம் எழுதினேன். ஏழுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில், தேதி மட்டும் வேறு.

இப்படி இருக்கும்போதுதான் பராமரிப்பு எஞ்சினியர் ஒரு நாள் கூடத்துக்கு வந்து, துணி மூட்டைகளுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"இந்த வருஷம் மொத்தமே ஒரு பெரிய மெஷின்தான் வாங்கப் போறாங்க. உங்களுக்கு ரோலரா, கிச்சனுக்குப் பாத்திரம் கழுவற மெஷினான்னு மேல இருக்கறவங்களால முடிவு பண்ண முடியல. சர்வே வருதில்ல, அதுல ஏழாவது கேள்விக்கு யாரு மார்க் கம்மியோ அவங்களுக்குன்னு வச்சுட்டாங்க. உங்க காதோட இருக்கட்டும்."

சர்வே என்பது தலைமை அலுவலகத்திலிருந்து வருடம் ஒரு தடவை வருவது. பணியாளர்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்று அளக்கிறார்களாம். தொடுதிரை டேப் ஒன்று கைக்குக் கை போகும். பன்னிரண்டு வாக்கியம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', ஐந்து என்றால் 'முழுக்க உண்மை'. யார் எதை அழுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது, பிரிவின் சராசரி மட்டும்தான் வெளியே வரும். ஏழாவது வாக்கியம் இது: 'என் வேலையைச் சரியாகச் செய்வதற்குத் தேவையான கருவிகள் எனக்குத் தரப்பட்டுள்ளன.'

கேட்டதும் எனக்கு நிம்மதி. விரல் வெந்த கூடத்தில் அந்தக் கேள்விக்கு எவர் ஐந்து போடுவார்? எங்களுக்கு ஒன்றுதான், ரோலர் எங்களுக்குத்தான் என்று அப்போதே மனசில் எழுதி வைத்துவிட்டேன். இதில் நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொல்லவும் கூடாது. சூப்பர்வைசர்கள் சர்வே பற்றிப் பணியாளர்களிடம் பேசக் கூடாது, டேப் சுற்றும் நேரத்தில் கூடத்தில் நிற்கக் கூடாது என்று விதி. என்னைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், விதியை மீறினாள் என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுக்க 'சர்வே' என்ற வார்த்தையைக்கூட நான் உச்சரிக்கவில்லை. எங்கள் கூடத்தில் ஓயாமல் பேசுகிற ஒருத்தி இருக்கிறாள், பெயரே ரேடியோ. அவள் வந்து, "அக்கா, இந்த ஏழாவது கேள்விக்கு…" என்று ஆரம்பித்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டேன். எவ்வளவு நேர்மை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது திரையில் ஐந்து புள்ளி பூஜ்யம் எரிகிறது.

சர்வேயை நடத்துகிற மேடம் சின்ன வயசு, பஞ்சு மாதிரிக் குரல். என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவ்வளவு வருஷத்துல இப்படி ஒரு ரிசல்ட் நான் பார்த்ததே இல்ல. என்ன ரகசியம்னு மத்தவங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார். "அவங்களைத்தான் கேக்கணும்" என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை கை தட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். நிர்வாக அதிகாரி எழுந்து, சலவைப் பிரிவு இருக்கிற கருவிகளை வைத்தே இவ்வளவு நிறைவாக வேலை செய்வது எல்லோருக்கும் பாடம் என்றார். புது மெஷின் சமையல்கூடத்துக்கு, வெள்ளிக்கிழமை ஆர்டர் போகும் என்றார். அன்று திங்கள்.

கூடத்துக்குத் திரும்பினால் பதினோரு பேரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. துணி மடிக்கிற மேசையில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓரம் ஒரு நூல் பிசகாமல் மடிப்பார், அவரை மடிப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கையிலிருந்து சான்றிதழை வாங்கி, ரோலருக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டி, "இப்ப சந்தோஷமாம்மா?" என்று கேட்டார். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். விதி இருக்கிறதே. தலையை ஆட்டிவிட்டுக் கணக்கெடுக்கிற சாக்கில் துணி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் அந்த விதி செல்லாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்குக் காலை முறை முடித்து வந்து, ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் சமையலறைத் தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தேன்.

"ஏழாவது கேள்விக்கு நீ எத்தனை போட்ட?"

"அஞ்சு."

"வெந்த கையால அஞ்சு போட்டியாடி?"

"இடது கையாலதான் அழுத்தினேன் அண்ணி."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் வாளியிலிருந்து ஒரு காலை எடுத்துவிட்டார். எஞ்சினியர் சொன்னதை, ஆர்டரை, சமையல்கூடத்துக்குப் போகிற மெஷினை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவள் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தாள், நான் விடவில்லை. எல்லாம் தீர்ந்து நான் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில்தான் அவளுக்குப் பேச வழி கிடைத்தது.

"மெஷின் விஷயம் எங்களுக்குத் தெரியாதே அண்ணி. நாங்க பதினோரு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டோம். கேள்வியவே படிக்கல. எல்லாத்துக்கும் அஞ்சு."

"எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நானா? நான் அந்த வாரம் வாயே திறக்கலடி! ரேடியோ கேக்க வந்தப்பக்கூடக் காதைப் பொத்திக்கிட்டுப் போனேன்!"

"இந்த வருஷம் இல்ல. போன வருஷம்."

போன வருட சர்வேயில் எங்களுக்கு இரண்டு புள்ளி ஆறு. ஆஸ்பத்திரியிலேயே கடைசி. அதற்குத் தண்டனையாக என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பணியாளர்கள் சொல்வதை எப்படிக் கேட்பது என்று அந்தச் சர்வே மேடமே பாடம் நடத்தினார். நான்காவது நாள் காலை நான் கூடத்துக்கு வந்து என்ன சொன்னேன் என்பதை நாத்தனார் இப்போது என் குரலிலேயே சொன்னாள். தோளில் பையை மாட்டிக்கொண்டிருப்பது போல ஒரு பக்கம் சாய்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"'உங்களால மூணு நாள் ஒரு சின்னப் பொண்ணு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டு வந்தேன். பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு! அடுத்த தடவையும் இதே மாதிரி மார்க் போட்டீங்கன்னா ஒருத்தரும் என் மூஞ்சில முழிக்காதீங்க!'"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அச்சு அசல் உன் குரல்" என்றார். நான் முறைத்ததும் காலைத் திரும்ப வாளிக்குள் விட்டுக்கொண்டார்.

சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. சொல்லி முடித்ததும் எனக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அத்தோடு அதை மறந்துவிட்டேன். கேட்ட பதினோரு பேரும் ஒரு வருடம் அதைச் சுமந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

"அதுக்கப்புறம் துணி அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதீங்க. மடிப்பு பாத்துட்டு வந்து சொன்னாரு. எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இனிமே அண்ணிய யாரும் கூப்பிட்டு உக்கார வைக்கக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம்" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தாள். மூன்று விரலால் பிடித்துத்தான் உரித்தாள்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். வந்தது.

வீட்டுக்காரர் வாளியைத் தள்ளி வைத்தார். "நாளைக்குப் போய் அந்த மேடம் கிட்ட சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? பதினோரு பேரும் பொய் சொல்லிட்டாங்கன்னா? அவங்களைக் கூப்பிட்டுக் குடைய ஆரம்பிச்சுடுவாங்க."

"நீ சொல்லித்தான் போட்டாங்கன்னு சொல்லு."

"நான் சொல்லாததைச் சொன்னேன்னு எப்படிங்க சொல்றது? அது பொய் இல்லியா?"

நாத்தனார் தலை நிமிராமலே சொன்னாள், "பொய் இல்லியே அண்ணி."

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. தலையீடு செய்த சூப்பர்வைசர் என்று எழுதிவிட்டால் பதவி போகலாம். துணி பிரிக்கிற இடத்தில் ஆரம்பித்து இந்த நாற்காலிக்கு வர எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. ரத்தமும் சீழும் ஒட்டின துணியைக் கையால் பிரித்தவள் நான், திரும்ப அங்கே போவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை என்று வாய் சொல்லியது. மனசு சொல்லவில்லை. ஆனால் சிவப்பு சுவிட்சில் நிற்கிறவருக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், இன்னொரு கை போய்விடும். அது எவருடைய கையாகவும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை சர்வே மேடத்தின் அறைக்குப் போனேன். சிரித்துக்கொண்டே வரவேற்றார். சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். சர்வேயில் தலையீடு நடந்தால் நிரப்புவதற்கு ஒரு படிவம் உண்டாம், இதுவரை யாரும் நிரப்பியதில்லையாம். கால் மணி நேரம் கழித்து அச்சாகி வந்தது.

"எப்ப சொன்னீங்க?"

"போன வருஷம்."

"போன வருஷம் சொன்னது இந்த வருஷத்துக்கு எப்படித் தலையீடு ஆகும்?"

"நான் சொன்னா அப்படித்தாங்க மேடம் ஆகும். ஒரு தடவை சொன்னா வருஷக்கணக்குல நிக்கும்."

"சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதணும். சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "முகத்தில் விழிக்காதீர்கள்னு போட்டுக்கறேன்" என்றார்.

"நான் மூஞ்சின்னுதான் சொன்னேன்."

மூஞ்சி என்று எழுதினார். மறுபடியும் பேனா நின்றது. "இந்த சின்னப் பொண்ணு…"

"நீங்கதாங்க மேடம்."

அதையும், பட்டை வேலை செய்யாததால்தான் வந்தேன் என்று நான் சொன்னதையும் எழுதினார். நல்ல பெண் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. எழுதி முடித்துவிட்டு, இதில் கையெழுத்துப் போட்டால் சலவைப் பிரிவின் மார்க் ரத்தாகும், மறுபடி சர்வே நடக்கும், என் பதவியைப் பற்றி நிர்வாக அதிகாரி முடிவு செய்வார், போடாவிட்டால் இந்தத் தாளை இப்போதே கிழித்துவிடலாம் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். யோசித்தால் போடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் ஜன்னலை எட்டுவதற்குள் போட்டுவிட்டேன்.

மறு சர்வே வியாழக்கிழமை. அதற்கு முன்னால் பதினோரு பேரிடமும் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம், அதையும் மேடம் எழுதித் தருவார், அவர் முன்னால்தான் படிக்க வேண்டும். 'உங்கள் மனதில் தோன்றும் எண்ணை மட்டும் அழுத்துங்கள்' என்று தாளில் இருந்தது. படித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என் மூஞ்சிக்காகப் போடாதீங்க" என்று ஒன்றைச் சேர்த்தேன். மேடம் இருமினார். மடிப்பு தலை குனிந்துகொண்டார்.

இந்தத் தடவை நான் அந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது என்றார்கள். வெளி நோயாளிகள் பிரிவு தனிக் கட்டடம், அங்கே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நாங்கள் துவைத்து அனுப்பின விரிப்பு ஒன்று எதிரே கட்டிலில் கிடந்தது. மூலையில் பழுப்பாக ஒரு நீளக் கறை, ரோலர் பொசுக்கினது. பக்கத்தில் இருந்த ஆள், "உங்களுக்கு என்னங்க பிரச்சினை?" என்று பரிவாகக் கேட்டார்.

"வாய்" என்றேன்.

"பல்லா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே மேடம் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கதவைச் சாத்திவிட்டு முதலில் ஏழாவது கேள்வியைச் சொன்னார். ஒன்று புள்ளி ஒன்று. பத்துப் பேர் ஒன்று, யாரோ ஒருத்தர் மட்டும் மனசு வராமல் இரண்டு போட்டிருக்கிறார். ரேடியோ என்று வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ரோலர் எங்களுக்குத்தான். வந்து சேர இரண்டு மாதம் ஆகும். என் வாக்குமூலத்தைப் படித்த நிர்வாக அதிகாரி பட்டை நிற்காத விஷயத்தை அப்போதுதான் கவனித்தாராம். அதுவரை பழைய ரோலரை ஓட்டவே கூடாது, விரிப்புகளை வெளியே கொடுத்துத் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டிருந்தார். ஏழு கடிதம் செய்யாததை ஒரு படிவம் செய்தது. பதவியும் போகவில்லை. ஆறு மாதம் கண்காணிப்பு, மறுபடி மூன்று நாள் பயிற்சி, சான்றிதழைத் திருப்பித் தர வேண்டும். இவ்வளவுதான். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்தேன்.

"உக்காருங்க. இன்னும் இருக்கு."

உட்கார்ந்தேன்.

"ஒன்பதாவது கேள்வி. 'என் மேற்பார்வையாளர் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்.' ஒண்ணு புள்ளி ஒன்பது."

"போன வருஷம் எவ்வளவு?" என்றேன். கேள்வி கேட்டால் முகத்தைச் சமாளித்துக்கொள்ளலாம்.

"ஒண்ணு புள்ளி எட்டு. கேள்விவாரியா அந்தத் தாளை உங்க கையில குடுத்தேனே. படிக்கலியா?"

படிக்கவில்லை. மேலே இருந்த மொத்த மார்க்கைப் பார்த்ததும் நாலாக மடித்துப் பைக்குள் போட்டேன். எல்லாம் ரோலரால் வந்த மார்க் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பதினோரு பேர் எனக்காகப் பொய்யாக மார்க் போடத் தயாராக இருந்தார்கள். அதே பதினோரு பேர் உண்மையைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்கிறார்கள். வலித்தது. மேடம் பத்தாவது கேள்வியையும் படித்தார். அதில் மார்க் நன்றாக இருந்தது போலிருக்கிறது, அவர் புன்னகை செய்தார். என் காதில் ஏறவில்லை.

கூடத்தில் அன்று ரோலர் ஓடவில்லை. அது ஓடாத கூடம் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்தவர் மூச்சு விடுவது கேட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரோலர் வருது" என்று மட்டும் சொன்னேன். ரேடியோ சத்தம் போட்டுக் குதித்தாள். மடிப்பு ஆணியிலிருந்து சான்றிதழைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, ஒரு தலையணை உறைக்குள் போட்டு ஓரம் பிசகாமல் மடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் நானும் நாத்தனாரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் எப்போதும் போல நடந்தோம். யார் எத்தனை போட்டார்கள் என்று நான் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. நடைபாதையில் தோண்டிப் போட்டிருந்த இடத்தைத் தாண்டினதும் அவளாகவே சொன்னாள்.

"ஒன்பதாவதுக்கு நான் ஒண்ணு போட்டேன் அண்ணி."

"ஒண்ணா? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு…"

"என் கை போச்சில்ல, அதுக்கு முந்தின நாள் காலைல, பட்டை நிக்கலன்னு உங்க கிட்ட வந்து சொன்னேன். ரெண்டு தடவை நிக்கலன்னு சொன்னேன். நீங்க துணிக் கணக்கு எழுதிக்கிட்டிருந்தீங்க. 'எழுதிப் போட்டிருக்கேன், வரும், போய் வேலையப் பாரு'ன்னீங்க."

நான் நின்றுவிட்டேன். எவ்வளவு யோசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அந்தக் காலையும் இல்லை, அவள் வந்து நின்றதும் இல்லை. ஆனால் அந்த வார்த்தைகள் என்னுடையவைதான். தினம் பத்துப் பேரிடம் சொல்கிறவைதான். அவள் கை கட்டோடு வீட்டில் இருந்த ஆறு வாரமும் நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். தலை வாரி விட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்களையும் எஞ்சினியரையும் மெஷின் செய்தவனையும் அவள் முன்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் திட்டினேன். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வாயைத் திறந்து சோற்றை வாங்கிக்கொண்டாள்.

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"சொல்ல வந்தேன் அண்ணி, நாலஞ்சு தடவை."

நிறுத்தத்தை எட்டியபோது எங்கள் பஸ் வந்தது. அவள் ஏறப் போனாள். நான் அவளுடைய வலது கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த இரண்டு விரலும் என் உள்ளங்கைக்குள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. பஸ் போய்விட்டது. அடுத்தது அரை மணி கழித்துத்தான்.

நிறுத்தத்து பெஞ்சில் அவளை உட்கார வைத்து, "அன்னிக்குக் காலைல என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, முதல் விரிப்பைக் கொடுத்தபோது பட்டை எப்படி நடுங்கியது என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.